கொடுங்காயத்துக்குப் பதினைந்து நாள்

முனியாயி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அடி வாங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பால் ஊற்றப் போய்விட்டாள்.

விவரம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். கொடும்பாளூருக்கு மேற்கே புளியங்கண்மாயில் யாருக்கு யாரோடு தகராறு வந்தாலும், அடித்தவரும் அடிபட்டவரும் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். யார் முதலில் போய்க் கட்டிலில் படுக்கிறாரோ அவர் புகார்தாரர். இரண்டாவதாக வருகிறவர் எதிரி. யார் யாரை அடித்தார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு எழுதிக்கொள்வது. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த நியாயம் ஐம்பத்திரண்டு வயது முனியாயிக்கும் தெரியும். ஆனால் கையில் நாலு லிட்டர் பால் இருந்தது. பால் சங்கம் ஏழு மணிக்கு மூடிவிடும்.

நடந்தது இவ்வளவுதான். அவளுக்கு இரண்டு கறவை மாடுகள், ஒரு கருப்பி, ஒரு செவலை. அவற்றுக்குத் தீவனப்புல் போட்ட பதினெட்டு சென்ட் நிலம். புருஷன் செத்தபின் அவளுக்கென்று இருந்தவை இந்த இரண்டும்தான். அந்தப் புல்லை மிதித்துக்கொண்டு சேவுகனின் டிப்பர் லாரிகள் கிராவல் மண் ஏற்றிப் போக ஆரம்பித்தன. சேவுகன் என்பவர் ஊரில் நாலு டிப்பரும், ஒரு பொக்லைனும், வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டிலும் வைத்திருப்பவர். அன்று காலை ஆறு மணிக்குப் பால் கேனோடு சங்கத்துக்குப் போன முனியாயி, நிலத்தில் சக்கரத் தடம் கிடப்பதைப் பார்த்துவிட்டு நின்று கேட்டாள்.

"ஏண்ணே, இது பாதையா? எம் புல்லு மேல லாரிய விட்டா மாடு எதைத் திங்கும்?"

இரண்டு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொம்பளை இரண்டு டிரைவர்கள் முன்னால் கேள்வி கேட்டுவிட்டாள். சேவுகன் பக்கத்தில் கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்தார். "ஒன்னையும் ஒம் மாட்டையும் சேத்து இங்கிட்டே பொதைச்சுருவேன்" என்று சொல்லிக்கொண்டே ஓங்கினார். முனியாயி தலையைக் காப்பாற்ற இடது கையைத் தூக்கினாள். காம்பு மணிக்கட்டில் இறங்கியது. வலது கையில் இருந்த கேனை அவள் விடவில்லை. பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

சங்கத்தில் வரிசையில் நின்று, நாலு லிட்டர் இருநூறு மில்லி ஊற்றிவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, காரில் வந்திருந்த சேவுகன் கட்டிலில் படுத்து, கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்க, ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தார். விபத்துப் பதிவேட்டில் அவர் எண் நாற்பத்தொன்று. முனியாயி நாற்பத்திரண்டு.

டாக்டர் தேவிப்ரியா சின்ன வயது. அன்று காலை அதற்குள் அறுபது பேரைப் பார்த்திருந்தார். முனியாயியின் கையைத் தொட்டதும் முகம் சுளித்தார்.

"முறிஞ்ச மாதிரிதாம்மா இருக்கு. ஆனா எக்ஸ்ரே எடுக்கறவர் ட்ரெய்னிங் போயிருக்கார். புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், இப்பவே போங்க."

"இப்பப் போனா எப்பம்மா திரும்புறது?"

"ராத்திரி ஆகும். இல்ல, நாளைக்கு."

"சாயந்தரம் மாடு கறக்கணுமேம்மா."

 டாக்டர் பேனாவைத் திறந்தார். "எக்ஸ்ரே இல்லாம முறிவு இருக்குன்னு எழுத முடியாதும்மா. பார்த்த வரைக்கும் எழுதறேன்." எழுதினார்: 'இடது மணிக்கட்டில் வீக்கம். முறிவு காணப்படவில்லை.'

காணப்படவில்லை என்பது உண்மைதான். யாரும் காணவில்லை.

மறுநாள் காலையில் முனியாயி காவல் நிலையத்துக்குப் போனாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சேவுகன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. சேவுகன் என்னை அடித்தார் என்று சர்க்கார் காகிதத்தில் ஒரு வரி வர வேண்டும். அப்படி வந்துவிட்டால் டிப்பர் அந்தப் புல்லில் ஏறாது. வராவிட்டால் ஒரு மாதத்தில் பதினெட்டு சென்டும் பாதையாகிவிடும், மாடு போய்விடும், அப்புறம் அவளும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் எழிலரசன் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். கை நீட்ட மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் சட்டம். புதிய சட்டப் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு, மேஜையில் மஞ்சள் குங்குமம் வைத்து வைத்திருந்தார்.

"ஒக்காருங்கம்மா. என்ன நடந்துச்சு?"

"சேவுகண்ணன் அடிச்சுட்டாருங்கய்யா."

"அடிச்சுட்டாருன்னு மொட்டையாச் சொன்னா எப்படி? அது தாக்க முனைதலா, குற்றமுறு வன்முறையா, காயமா, கொடுங்காயமா?"

முனியாயி யோசித்தாள். "மம்பட்டிக் காம்புங்கய்யா."

எழிலரசன் பொறுமையாகப் புத்தகத்தைத் திறந்தார். "கொடுங்காயம்னா எட்டு வகை. ஆண்மை போகணும். கண்ணு போகணும். காது போகணும். ஒரு உறுப்பு போகணும், இல்ல வெளங்காமப் போகணும். மூஞ்சி கோரமாகணும். எலும்போ பல்லோ முறியணும். ஒங்களுக்கு இதுல எதாச்சும் போயிருக்கா?"

"எலும்புங்கய்யா."

"டாக்டர் காணப்படலைன்னு எழுதியிருக்காங்களே. சரி, எட்டாவது ஒண்ணு இருக்கு. உசுருக்கு ஆபத்து வந்திருக்கணும். வரலை, நீங்களே நடந்து வந்திருக்கீங்க. இல்லைன்னா பதினஞ்சு நாள் கடுமையான வலியில கெடக்கணும், அல்லது அன்றாட வேலையச் செய்ய முடியாம இருக்கணும். முன்னாடி இருபது நாளா இருந்துச்சு தெரியுமா? ஒங்கள மாதிரி ஏழைபாழைங்க இருபது நாள் படுக்க முடியாதுன்னுதான் அஞ்சு நாள் கொறைச்சிருக்காங்க. சட்டத்துக்கு எவ்வளவு ஈரம் பாருங்க."

"பதினஞ்சு நாள் படுத்தா எழுதுவீகளாய்யா?"

"எழுதாம? கொடுங்காயம்னா நானே போய்த் தூக்கிட்டு வருவேன். சாதாக் காயம்னா கோர்ட்டுல அனுமதி வாங்கணும், மனுப் போடணும், அது அங்கிட்டு எப்ப வருமோ. நீங்க போய் நிம்மதியாப் படுங்க."

"பொதைச்சுருவேன்னு வேற சொன்னாருங்கய்யா."

"வெறும் வார்த்தை தாக்குதலாகாதும்மா. வார்த்தையோட கையும் சேரணும்."

"கையும் சேந்துதான வந்துச்சு."

"சேந்து வந்தா அது காயம். காயத்துக்குத்தான் இப்பப் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் எழிலரசன். முனியாயி புகார் கொடுத்ததற்கான ரசீதை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று மத்தியானம் வீட்டில் பாயை விரித்துப் படுத்தாள். அவள் பிறந்ததிலிருந்து பகலில் படுத்தது பிரசவத்தின்போது மட்டும்தான். பக்கத்து வீட்டு அழகி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காச்சலா?" என்றாள்.

"இல்லடி. கேசு."

நாலு மணிக்குக் கருப்பி கத்தியது. நாலரைக்குச் செவலையும் சேர்ந்துகொண்டது. அழகி கறந்து பார்க்கிறேன் என்று போனாள். கருப்பி அந்நியக் கை பட்டால் காலைத் தூக்கும் ஜாதி. கறவைப் போணி ஒரு பக்கம் பறந்தது, அழகி ஒரு பக்கம் விழுந்தாள். ஐந்தரை மணிக்கு மடி கல்லாக இறுகி, காம்பில் பால் தானாகச் சொட்டத் தொடங்கியது. மாட்டுக்குச் சட்டம் தெரியாது. மடி கனத்தால் கறந்தாக வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முனியாயி எழுந்து, வீங்கிய கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் இரண்டு மாட்டையும் கறந்தாள். பாதிக் கறவையில் வலி தாங்காமல் மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டி வைத்து அழுதாள். பிறகு சங்கத்துக்குப் போய் ஊற்றினாள். சங்கத்து மெஷின் லிட்டரையும் நேரத்தையும் துல்லியமாகப் பதிந்துகொண்டது.

இப்படியே தினம் இரண்டு வேளை. சேவுகனோ ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்துவிட்டு, மீதி நாளை வீட்டில் படுத்துக் கழித்தார். முன்பெல்லாம் அவர் அன்றாட வேலை, வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்துக்கொண்டு லாரிகளை எண்ணுவது. இப்போது கட்டிலை வீட்டுக்குள் போட்டுப் படுத்ததால் லாரிகளை எண்ண முடியவில்லை. ஆக, அன்றாட வேலை கெட்டது. டிரைவர்களுக்கு வேலை கெடவில்லை. அவர்கள் புல் மேல் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் 'புதிய சட்டம் அறிவோம்' என்று முகாம் நடந்தது. கூட்டம் சேராததால் நூறு நாள் வேலைக்குப் போனவர்களை வேலையிலிருந்து திருப்பி அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். முனியாயியையும் ஒரு காவலர் வந்து கூப்பிட்டார். மேடையில் எழிலரசன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! தாக்குதல்னா அடிக்கறதுன்னு நீங்க நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க. அது அறியாமை. அடிக்காமலே தாக்கலாம். அடிச்சாலும் அது தாக்குதலா இல்லாமப் போகலாம். பொதுமக்கள் தானாவே நான் தாக்கப்பட்டேன்னு முடிவு பண்ணிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாரதாலதான் எங்களுக்கு வேலைப்பளு. தாக்கப்பட்டீங்களா இல்லையாங்கறதை நாங்கதான் ஒங்களுக்குச் சொல்லணும்."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

"ஒருத்தர் கையத் தூக்குறாரு. எதிர்ல இருக்கறவருக்கு அடி விழுமோன்னு பயம் வருது. அந்தச் சைகை போதும், அதான் தாக்க முனைதல். செஞ்சே காட்டுறேன். முனியாயிம்மா, மேடைக்கு வாங்க. என்னைப் பாத்துக் கையத் தூக்குங்க."

முனியாயி இடது கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வலது கையாச்சும் தூக்குங்கம்மா, நல்லா ஓங்குங்க" என்றார் எழிலரசன். அவள் தூக்கினாள். அவர் பயந்தது போல் பின்னால் சாய்ந்தார். போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். முனியாயிக்கும் ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் அவளை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். காலைப் பாலை ஊற்றிவிட்டுப் போனாள். எழிலரசன் எதிரே இரண்டு கோப்புகள் இருந்தன. அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? படுக்கச் சொன்னேன்ல?"

"படுத்தேங்கய்யா. மாடு விடலை."

"பால் சங்கத்துல ரிக்கார்டு வாங்கியிருக்கோம். பதினஞ்சு நாள், முப்பது வேளை, ஒரு வேளை தவறாம ஊத்தியிருக்கீங்க. அடிபட்ட அன்னிக்கே காலையில ஆறு நாப்பதுக்கு ஊத்தியிருக்கீங்க! அன்றாட வேலையில ஒரு நிமிஷம்கூடத் தடங்கல் இல்லை. இதைப் போய் நான் எப்படிக் கொடுங்காயம்னு எழுதறது? ஒங்களுது சாதாக் காயம். மனுப் போட்டிருக்கோம், கோர்ட்டு அனுமதி வந்ததும் விசாரிப்போம்."

"சேவுகண்ணன்?"

"அவரு பதினஞ்சு நாளும் படுத்திருக்காரு. தோள்பட்டையில கடுமையான வலி. அவருது கொடுங்காயம்." கோப்பைப் புரட்டினார். "அஞ்சு லிட்டர் அலுமினியக் கேனால அடிச்சிருக்கீங்க. அது ஆபத்தான ஆயுதம். ஸ்டேஷன் ஜாமீன்ல விட முடியாத பிரிவு."

முனியாயிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டாள்.

"கேனால அடிச்சேனா? அடிச்சிருந்தாப் பாலு சிந்தியிருக்காதாய்யா? அன்னிக்கும் நாலு லிட்டர் எரநூறு ஊத்துனேன், ஒங்க ரிக்கார்டுலயே இருக்குமே!"

எழிலரசன் தலையை ஆட்டினார். "அதையும் யோசிச்சோம்மா. சிந்தாம அடிச்சிருக்கீங்கன்னா எவ்வளவு நிதானமாத் திட்டம் போட்டு அடிச்சிருக்கணும்! கடுமையான, திடீர் ஆத்திரத்துல அடிச்சிருந்தா ஒங்களுக்குத் தண்டனையாச்சும் கொறையும். அந்தச் சலுகை சேவுகனுக்கு உண்டு. ரெண்டு டிரைவர் முன்னாடி நீங்க அவரைக் கேள்வி கேட்டிருக்கீங்க, அவருக்கு ஆத்திரம் வந்திருக்கு. ஒங்களுக்கு ஆத்திரம் வந்ததுக்கு ஆதாரமே இல்லையேம்மா."

"நாந் தலைய மறைக்கத்தான கையத் தூக்குனேன்."

"தூக்குனேன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க." அவர் கோப்பிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். சமுதாயக்கூட மேடையில் முனியாயி கையை ஓங்கி நிற்கிறாள், சப்-இன்ஸ்பெக்டர் பயந்து சாய்கிறார். "சுபாவத்துக்கு ஒரு சான்றாகச் சேத்திருக்கோம்."

"நீங்கதானய்யா தூக்கச் சொன்னீக!"

"தூக்கச் சொன்னது உண்மை. ஆனா போட்டோவுல அது தெரியலையே" என்றார் எழிலரசன், உண்மையான அனுதாபத்தோடு.

மாஜிஸ்திரேட் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியபோது மாலை நாலு மணி. கறவை நேரம். அங்கே வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்கள்.

"போலீஸ் ஒங்களை அடிச்சாங்களா?"

"இல்லைங்கய்யா. சேவுகண்ணன்தான் அடிச்சாரு."

"அதைக் கேக்கலை. போலீஸ் அடிச்சாங்களா?"

"போலீசு அடிக்கலைங்க. அடிச்சது..."

'துன்புறுத்தப்படவில்லை எனக் கூறினார்' என்று எழுதிக்கொண்டார்கள். பதினைந்து நாள் காவல். "அய்யா, மாடு கத்தும்" என்று முனியாயி சொன்னதை எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை. பெண் காவலர் அவள் தோளைத் தொட்டு, "வாங்கக்கா, போவோம்" என்றார். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக் கேள்வி.

திருச்சிப் பெண்கள் சிறையில் அவள் பதினைந்து நாளும் நாலு மணி ஆனால் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கே வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது. கைக்குக் கட்டுப் போட்டார்கள். எக்ஸ்ரேகூட எடுத்தார்கள், எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. ஆனால் அது சிறையில் எடுத்த எக்ஸ்ரே, வழக்குக்கு ஆகாது என்று அங்கிருந்த ஒருவர் விளக்கினார்.  விளக்கம் கேட்டுக் கேட்டு முனியாயிக்கு அலுத்துவிட்டது.

ஜாமீனில் வெளியே வந்து ஊருக்குப் போனபோது கொட்டகை அமைதியாக இருந்தது. வாசலில் அழகி அழுதபடி நின்றாள்.

"கிட்டவே விடலக்கா. கால ரெண்டையும் கட்டிப் போட்டும் கறந்து பாத்தோம். மடியில சீழ் கட்டிருச்சு. மாட்டு டாக்டரு வந்தாரு, ஊசி போட்டாரு. கருப்பி ஒம்போதாம் நாளு விழுந்தது, எந்திரிக்கவே இல்ல. செவலைக்குப் பாலு வத்திருச்சு. வயிறும் ஒட்டிப்போச்சு, தீவனம் இல்ல. கறிக்கு எடை போட்டுக் கேட்டாக, குடுத்துட்டேன். வேற வழி தெரியலக்கா."

முனியாயி பதினெட்டு சென்டைப் போய்ப் பார்த்தாள். புல் இருந்த இடத்தில் நல்ல அகலமான மண் பாதை இருந்தது. இரண்டு டிப்பர் எதிரெதிரே தாராளமாகப் போகலாம். வேப்பமரத்தடியில் கட்டில் திரும்ப வந்திருந்தது, சேவுகன் அதில் படுத்து லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் காவல் நிலையத்துக்கு வந்தாள். தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, நிதானமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எழிலரசன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஜாமீன் கையெழுத்துப் போட வந்தீங்களா?"

"போடுறேங்கய்யா. ஒரு புகாரும் இருக்கு."

"இன்னொண்ணா? என்னன்னு?"

"கொடுங்காயம்."

எழிலரசன் பேனாவை வைத்தார். "அதைத்தான் பேசி முடிச்சாச்சேம்மா. ஒங்க கை சாதாக் காயம்."

"கையைச் சொல்லலைங்க. இது புதுசு. பதினஞ்சு நாள் என் அன்றாட வேலையச் செய்ய முடியலை. நீங்க சொன்ன எட்டாவது. சங்கத்துல ரிக்கார்டு கேளுங்க, முப்பது வேளை, ஒரு சொட்டு ஊத்தலை."

"ஜெயில்ல இருந்தீங்க, எப்படி ஊத்துவீங்க? அதெல்லாம் காயத்துல வராது."

"வலிச்சுச்சுங்கய்யா. தெனம் நாலு மணிக்கு வலிச்சுச்சு. வலியை எக்ஸ்ரேல பாக்க முடியாது, சொல்றவுக சொல்றதுதான். சேவுகண்ணன் சொன்னத நம்புனீகள்ல?"

நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். எழிலரசன் சிரிக்க முயன்றார்.

"சரி, ஒரு பேச்சுக்கே வச்சுக்குவோம். யாரு மேல புகார்? காயம்னா அடிச்சவன்னு ஒருத்தன் வேணுமே."

முனியாயி மேஜையைக் காட்டினாள். மேஜையில் கோப்பு இருந்தது, பிளாஸ்டிக் அட்டை போட்ட புத்தகம் இருந்தது, அதற்குப் பின்னால் எழிலரசன் இருந்தார். அவள் எதைக் காட்டினாள் என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. முகம் கறுத்துப் போனது.

"அதுக்கெல்லாம் இதுல பிரிவு இல்லம்மா."

"தேடுங்கய்யா. பெரிய பொஸ்தகமாத்தான இருக்கு."

"தேடுனாலும் இல்ல. அப்படி ஒண்ணு எங்கிட்டும் எழுதலை. நீங்க வீட்டுக்குப் போங்க, வேலையப் பாருங்க."

முனியாயி எழுந்திருக்கவில்லை. கோணிப்போன இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்தாள்.

"நீங்க மெல்லத் தேடுங்கய்யா, நான் இருக்கேன். சாயந்தரம் போய்க் கறக்க எனக்கு இப்ப மாடு இல்லை."